குதிகால் பதியாத ஷூ

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்குக் கட்டுப் போடும் வித்தையைச் சொல்லித்தர நான் வரவில்லை. பாதத்தை எந்த இடத்தில் பிடிக்க வேண்டும், எந்த வாரம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதெல்லாம் ஆறு மாதத்தில் உங்கள் விரல்களுக்குப் பழகிவிடும். பழகாவிட்டால் பெரிய டாக்டர்கள் திட்டியே பழக்கிவிடுவார்கள். முப்பது வருடம் பிசியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கை நன்றாகப் பழகிய பிறகு ஒரு ஆபத்து வரும். அதைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல நினைக்கிறேன். எனக்கு அது வந்தபோது, புதுச்சேரியில் இந்த வேலைக்கு இவளை விட்டால் ஆளில்லை என்று பெயர் வாங்கியிருந்தேன்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது. வளைபாதத்தோடு பிறக்கும் குழந்தைகளுக்குப் பெரிய ஆபரேஷன்தான் கதி என்ற நிலை அப்போதுதான் மாறிக்கொண்டிருந்தது. வாரம் ஒரு மாவுக்கட்டு, ஒவ்வொரு கட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புதல், கடைசியில் குதிகால் நாணில் ஒரு சின்ன வெட்டு, அதோடு பாதம் நேராகிவிடும். எங்கள் பெரிய டாக்டர் எங்கோ போய்ப் பயிற்சி எடுத்து வந்து இதை எங்கள் மருத்துவமனையில் ஆரம்பித்தார். அதிகம் பேசாத மனிதர். செவ்வாய்க்கிழமைகளில் அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து, அவர் பாதத்தைப் பிடிக்க நான் மாவுத்துணியைச் சுற்றுவேன். ஒரு வருடத்துக்குள் அவர் பிடிப்பதையும் நானே செய்ய ஆரம்பித்துவிட்டேன்.

கட்டு முடிந்த பிறகுதான் உண்மையான வேலை என்பது உங்களுக்குத் தெரியும். நேரான பாதம் மறுபடி உள்ளே வளையப் பார்க்கும். அதைத் தடுக்க, ஒரு கம்பியின் இரண்டு முனையிலும் பொருத்திய ஷூக்களைக் குழந்தைக்குப் போட வேண்டும். மூன்று மாதம் குளிக்கும் நேரம் தவிர நாள் முழுவதும், பிறகு நாலு வயதுவரை தூங்கும்போது மட்டும். எங்கள் ஊர்த் தாய்மார்கள் அதற்குக் 'கம்பி ஷூ' என்று பெயர் வைத்திருந்தார்கள். குழந்தை அழும், உதைக்கும். பாட்டிமார், பக்கத்து வீட்டார் எல்லோரும் 'பாவம், கழட்டி விடு' என்பார்கள். கழற்றிவிட்டால் பாதம் திரும்பிவிடும். அதனால் பாதம் திரும்பி வந்த குழந்தையைப் பார்த்ததும், 'இவள் ஷூவைக் கழற்றிப் போட்டிருக்கிறாள்' என்று என் மனது தானாகவே தீர்ப்பு எழுதிவிடும். பெரும்பாலும் அந்தத் தீர்ப்பு சரியாகவே இருந்தது. அதுதான் சிக்கல்.

அமுதா எங்கள் ஊர் உப்பளம் பகுதியில் வாக்கப்பட்டவள். இருபத்திரண்டு வயது இருக்கும். அவள் மாமனார் மில்லில் வேலை பார்த்து, மில் மூடிய பிறகு சும்மா இருந்தவர். கணவன் சேகர் ஆள் ஏற்றும் டெம்போ ஓட்டினான். இருபது நாள் குழந்தையாக நிவேதாவைத் தூக்கி வந்தார்கள். இடது பாதம் மட்டும் உள்ளங்கால் மேலே பார்க்கிற அளவுக்கு வளைந்திருந்தது. ஆறு கட்டு. அமுதா ஒரு செவ்வாய்க்கிழமைகூடத் தவறவில்லை. ஒரு கட்டும் நனையவில்லை, நழுவவில்லை. குதிகால் வெட்டும் முடிந்து, மூன்று வாரம் கழித்துக் கடைசிக் கட்டைப் பிரித்தபோது, பாதம் அவ்வளவு அழகாக இருந்தது. பெரிய டாக்டரே ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவரிடமிருந்து அது பெரிய விருது.

அன்றைக்கு ஸ்டோரில் நிவேதாவின் அளவுக்கு ஷூ இல்லை. ஒரு அளவு பெரியதுதான் இருந்தது. சரியான அளவு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். இரண்டு வாரம் ஷூ இல்லாமல் விட முடியாது, இன்னொரு கட்டுப் போட்டு வைக்கலாம். ஆனால் வெளியே பதினைந்து குழந்தைகள் வரிசையில் இருந்தன. குழந்தை வளரத்தானே போகிறது என்று பெரிய ஷூவையே எடுத்து மாட்டிவிட்டேன்.

அமுதா குனிந்து பார்த்தாள். "மேடம், உள்ள கால் ஆடுதே."

"ரெண்டு சாக்ஸ் போடும்மா. பட்டைய நல்லா இழுத்துக் கட்டு. ஒரு மாசத்துல சரியாயிடும்."

"சரிங்க மேடம்."

ஒரு வாரம் கழித்து வந்து காட்டினாள். நான் ஷூவைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. மாட்டியிருக்கிறதா, மாட்டியிருக்கிறது, போய் வா என்றேன்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த பரிசோதனை. அன்று ஷூவைக் கழற்றினேன். குதிகால் மேலே ஏறியிருந்தது. பாதத்தின் முன்பாகம் உள்ளே வளைய ஆரம்பித்திருந்தது. ஆறு கட்டின் உழைப்பில் பாதி போய்விட்டது. எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

"எத்தன நாள் போட்ட?"

"தினமும் போட்டேன் மேடம். குளிப்பாட்டும்போது மட்டுந்தான் கழட்டுவேன்."

"பொய் சொல்லாத. போட்டிருந்தா இப்படி ஆகாது."

"சாமி சத்தியமா மேடம். வேணும்னா எங்க வூட்டுக்காரர கேளுங்க."

சேகர் வாசல்பக்கம் நின்றிருந்தான். அவனைப் பார்த்துக் கேட்டேன். "நான் காலைல டெம்போ எடுத்தா ராத்திரிதான் மேடம் வருவேன். பகல்ல இவ இன்னா பண்றான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

அறையில் மற்ற தாய்மார்கள் இருந்தார்கள். எல்லோர் காதிலும் விழ வேண்டும் என்றே சத்தமாகப் பேசினேன். மற்றவர்களுக்கும் பாடமாக இருக்கட்டும் என்று நினைப்பு. "பெத்தா மட்டும் போதாது, அழுவுதேன்னு கழட்டிப் போட்டா நாளைக்கு நொண்டி நொண்டி நடக்கும்போது யாரு பாக்கிறது?" என்றேன். அவளுடைய சிகிச்சை நோட்டில் ஆங்கிலத்தில் எழுதினேன். தாய் ஷூவைச் சரியாகப் போடவில்லை, ஒத்துழைப்பு இல்லை, பாதம் திரும்பிவிட்டது. கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

அமுதா அழவில்லை. குழந்தையின் காலில் நான் மறுபடி மாட்ட எடுத்த ஷூவை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தாள். "நீங்களே வச்சிக்கோங்க மேடம்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். சேகர் நோட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனான். அடுத்த செவ்வாய் அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வராதவர்களைப் பற்றி அந்தக் காலத்தில் நாங்கள் அதிகம் யோசிப்பதில்லை.

ஒரு மாதம் கழித்து வேறொரு குழந்தைக்கு ஷூ தேவைப்பட்டது. கொஞ்சம் பெரிய குழந்தை. அலமாரியில் நிவேதாவின் ஷூ இருப்பது ஞாபகம் வந்து எடுத்தேன். அதிகம் போடாத ஷூதானே, புதிதாகவே இருக்கும் என்று நினைத்தேன்.

பட்டையில் பக்கிள் ஊசி நுழையும் துளை நீளமாகக் கிழிந்திருந்தது. தினமும் இழுத்துக் கட்டாமல் அப்படிக் கிழியாது. பட்டையின் ஓரம் குழந்தையின் தோலில் உரசாமல் இருக்கப் பழைய புடவைக் கரையை வெட்டி, பொடிப்பொடித் தையலாகச் சுற்றிலும் தைத்திருந்தாள். அந்தத் துணியும் ஒரு பக்கம் நைந்து, அதன்மேல் இன்னொரு துணி வைத்துத் தைத்திருந்தாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ஷூவின் உள்ளே பார்த்தேன். இடது ஷூவில், முன்னால் விரல்கள் அழுத்திய தடம் கறுப்பாகப் பதிந்திருந்தது. குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் தோல், அப்போதுதான் கடையில் வாங்கியது போல் பளபளவென்று இருந்தது.

அந்தக் குதிகால் ஒருநாளும் கீழே பதியவே இல்லை. அவள் இரண்டு மாதம் இரவு பகலாக ஷூவைப் போட்டிருக்கிறாள். நான் கொடுத்த ஷூவுக்குள் குழந்தையின் குதிகால் மேலே வழுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. 'கால் ஆடுதே' என்று முதல் நாளே அவள் சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது.

வரிசையில் இருந்தவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு ஷூவை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரின் அறைக்குப் போனேன். உள்ளதைச் சொன்னேன். அவர் ஷூவுக்குள் விரலை விட்டுக் குதிகால் பகுதியைத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"குழந்தை எங்க?"

"தெரியல சார். நான் அவள அப்படிப் பேசியிருக்கக் கூடாது..."

"அதெல்லாம் அப்புறம். குழந்தை எங்க?"

எத்தனையோ வருடம் யோசித்திருக்கிறேன். தவறு செய்தவளிடம் அன்று கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். என் வருத்தத்தை நான் ஒரு வாரம் வைத்துக் கொண்டாடியிருந்தால், அந்த வாரமும் பாதம் இன்னும் கொஞ்சம் வளைந்திருக்கும். அன்றே பகல் பன்னிரண்டு மணிக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பதிவேட்டில் கதவு எண் இல்லை, 'உப்பளம், ஸ்டேடியம் பின்புறம்' என்று மட்டும் இருந்தது. டெம்போ சேகர் என்று கேட்டுக் கேட்டுப் போனேன். சேகர் சாப்பிட வந்திருந்தான். வீட்டில் அமுதாவும் இல்லை, குழந்தையும் இல்லை. என்னைப் பார்த்ததும் அவன் முகம் இறுகியது.

"அவ அவுங்க அம்மா வூட்டுக்குப் பூட்டா மேடம். பாகூர் பக்கம். ஒரு மாசமாவுது."

"ஏன்?"

"நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? அந்த நோட்ட எடுத்துக்கினு ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனோம். அந்த டாக்டரு சத்தமா படிச்சிப் பாத்துட்டு, 'அம்மாவே சரியா பாத்துக்கல, இனிமே காலத் தொறந்து ஆப்பரேஷன் பண்ணாத்தான் உண்டு'ன்னுட்டாரு. எங்க அம்மா, அக்கா எல்லாரும் இருந்தாங்க. வூட்டுக்கு வந்து ஒரே சண்ட. நானும் பேசக் கூடாததெல்லாம் பேசிட்டேன். பூட்டா." சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அடுத்த வாரம் ஆப்பரேஷன் மேடம். எக்ஸ்ரே எல்லாம் எடுத்தாச்சி" என்றான்.

அந்த ஆபரேஷன் தவறென்று நான் சொல்லவில்லை. அந்த டாக்டர் என் எழுத்தை நம்பினார். ஆனால் ஆறு மாதக் குழந்தைக்கு, இன்னும் மூன்று நான்கு கட்டில் திரும்பக்கூடிய பாதத்துக்கு அது தேவையில்லை. அப்படித் திறந்து சரிசெய்த பாதங்கள் பெரியவர்களான பிறகு விறைத்துப்போய் வலியெடுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

"என்னை அவகிட்ட கூட்டிட்டுப் போ" என்றேன்.

அவன் டெம்போவில் தொங்கிய ஊர்ப் பலகையைக் கழற்றி உள்ளே போட்டான். நான் முன்னால் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழியில் கை நீட்டியவர்களுக்கெல்லாம் இல்லை என்று தலையாட்டிவிட்டு ஓட்டினான். அரியாங்குப்பம் பாலம் தாண்டியதும் பையிலிருந்து ஷூவை எடுத்து நடந்ததைச் சொன்னேன். தோலின் தடத்தை, பட்டையின் கிழிசலைக் காட்டினேன். அவன் வண்டியை ஓரம் கட்டினான்.

"அப்ப அவ போட்டது நெசந்தானா மேடம்?"

"நெசம். ஒருநாள்கூட விடாம போட்டிருக்கா. நான் குடுத்த ஷூதான் பெரிசு."

ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். பின்னால் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. பிறகு வண்டியை எடுத்தான்.

அமுதாவின் அம்மா வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். விதைக்கு எடுத்து வைத்த வேர்க்கடலை. அமுதாவும் அவர்களில் ஒருத்தி. குழந்தை பக்கத்தில் துணியில் படுத்திருந்தது. இடது கால் உள்ளே திரும்பியிருப்பது தூரத்திலேயே தெரிந்தது. அவள் எங்களைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. உரிப்பதையும் நிறுத்தவில்லை.

நான் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் என்னென்னவோ வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டு ஷூவை நீட்டி, குதிகால் இடத்தைக் காட்டினேன்.

"இங்க கால் படவே இல்லம்மா. ஷூ பெரிசு. நீ சரியாத்தான் போட்டிருக்க. தப்பு என்னுது."

அவள் ஷூவைப் பார்த்தாள், வாங்கவில்லை.

"அன்னிக்கே சொன்னேனே மேடம், உள்ள ஆடுதுன்னு."

"சொன்ன. நான் கேக்கல."

"அத்தன பேரு எதுர்ல பொய் சொல்லாதன்னீங்களே."

"ஆமா. சொன்னேன்."

பெண்கள் எல்லோரும் உரிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆபரேஷன் வேண்டாம், சில கட்டுகளில் சரியாகிவிடும், செவ்வாய்க்கிழமை வா என்று கெஞ்சினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"வர்றேன். கொழந்த காலு அது, வராம எங்க பூடுவேன். ஆனா ஒன்னு. நீங்க வாயால சொல்றது இங்க இருக்கிறவங்களுக்குத்தான் கேக்கும். எதுல எழுதினீங்களோ அதுலயே எழுதிக் குடுங்க."

நோட்டு ஆபரேஷன் காகிதங்களோடு சேர்ந்து டெம்போவில்தான் இருந்தது. சேகர் போய் எடுத்துவந்தான். பேனாவை எடுத்துவிட்டு நான் தயங்கினேன். உங்களிடம் மறைப்பானேன். அரசு வேலை. நோயாளியின் நோட்டில் 'என் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு யார் வேண்டுமானாலும் அதைத் தூக்கிக்கொண்டு மேலே போகலாம். மெமோ வரலாம், விசாரணை வரலாம். 'ஷூ அளவு மாற்றப்பட்டது' என்று யாருக்கும் வலிக்காமல் எழுதிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த மாதிரி வாக்கியங்கள் நமக்கெல்லாம் நன்றாக வரும்.

அமுதா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தமிழ்ல எழுதுங்க மேடம். நான் எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன்."

எழுதினேன். 'குழந்தையின் தாய் ஷூவைத் தினமும் சரியாகப் போட்டிருக்கிறார். நான் கொடுத்த ஷூ அளவில் பெரியது. தாய் அதை முதல் நாளே சொன்னார், நான் கவனிக்கவில்லை. பாதம் திரும்பியதற்கு என் தவறே காரணம். இதற்கு முன் நான் எழுதியது தவறு.' முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டேன்.

அவள் விரலை ஓட்டி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். படித்து முடித்துவிட்டு நோட்டைச் சேகரிடம் நீட்டினாள்.

"படி."

அவன் வாங்கிக் கண்ணால் மேய்ந்தான்.

"சத்தமா படி. அன்னிக்கு அந்த டாக்டரு சத்தமாத்தான படிச்சாரு?"

அவன் படித்தான். முதல் வரி தெளிவாக வந்தது. இரண்டாவது வரியில் குரல் உடைந்துபோனது. கடைசிவரை படித்தான். அமுதாவின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அமுதா குழந்தையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். "புடி. துணியெல்லாம் எடுத்துக்கினு வரேன்" என்று உள்ளே போனாள்.

செவ்வாய்க்கிழமை முதல் ஆளாக வந்துவிட்டார்கள். பெரிய டாக்டர் நோட்டைப் புரட்டினார். நான் எழுதியதை நிதானமாகப் படித்தார். அவர் பேனாவை எடுத்து என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டு, நோட்டை மூடி வைத்தார். "தண்ணி கொண்டு வா, கட்டு ஆரம்பிக்கலாம்" என்றார். மெமோ எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் பரவாயில்லை என்று அன்றைக்குத் தோன்றியது.

மூன்று கட்டில் பாதம் திரும்பியது. இந்த முறை ஸ்டோரை நம்பவில்லை. குழந்தையின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து எடுத்துப் போய், நகரத்தில் தோல் செருப்பு செய்பவர் ஒருவரிடம் அளவு கொடுத்து ஷூ செய்து வாங்கினேன். மாட்டிக் காட்டியபோது அமுதா குனிந்து முன்னும் பின்னும் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா போன தடவையும் வெளியேர்ந்து பாத்தா நல்லாத்தான இருந்துச்சி. உள்ள குதிகால் எறங்கியிருக்கா இல்லியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பெரிய டாக்டரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. வேறு ஊர்களில் யாராவது முன்பே செய்திருக்கலாம். எங்கள் அறையில் அதை முதலில் கேட்டவள் அவள்தான். ஷூவின் பின்பக்கம், குதிகால் படியும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக வெட்டி எடுத்தேன். அதன் வழியே பார்த்தால் சாக்ஸுக்குள் குதிகால் கீழே உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அமுதா விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இப்ப சரி" என்றாள். அதற்குப் பிறகு அந்த ஓட்டை இல்லாமல் எங்கள் அறையிலிருந்து ஒரு ஷூவும் வெளியே போகவில்லை.

பாதம் திரும்பி வரும் குழந்தைகளை நீங்களும் பார்ப்பீர்கள். நிறையப் பேர் உண்மையாகவே ஷூவைக் கழற்றிப் போட்டவர்களாக இருப்பார்கள். இருக்கட்டும். முதலில் ஷூவைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பட்டையைப் பாருங்கள். துளையைப் பாருங்கள். அப்புறம் அந்த அம்மா முதல் நாள் என்ன சொன்னாள் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். இதெல்லாம் முடிந்த பிறகும் கோபம் மிச்சமிருந்தால், அறையில் வேறு யாரும் இல்லாதபோது பேசுங்கள். நோட்டில் எழுதும்போது, அந்த வரியை அவள் வீட்டில் யார் எந்தக் குரலில் படிப்பார்கள் என்று ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். நான் பிறகு ஓய்வு பெறும்வரை 'ஒத்துழைப்பு இல்லை' என்று ஒருவரைப் பற்றியும் எழுதவில்லை. என்ன கஷ்டம் என்று கேட்டு, அதை எழுதினேன்.

நிவேதா ஒரு வயது முடிந்து கொஞ்ச நாளில் நடந்தாள். பிறகு ஓடினாள். மருத்துவமனை வராண்டாவில் ஓடி ஒரு நர்ஸின் தட்டைத் தட்டிவிட்ட குழந்தை அவள்தான். நாலு வயது முடிந்தபோது இரண்டு பாதத்தையும் அளந்து பார்த்துவிட்டு, "இனிமே ராத்திரி ஷூ வேணாம். இன்னியோட முடிஞ்சிது" என்றேன். அமுதா கைகூப்பினாள். சேகர் எல்லோருக்கும் லட்டு கொடுத்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அமுதா திரும்பவும் வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"என்னம்மா, கால்ல ஏதாவது..."

"காலுக்கு ஒன்னும் இல்ல மேடம்." அவள் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டாள். "கம்பி இல்லாம படுக்க மாட்டேன்னு ஒரே அழுவ. வூட்டுல ஒருத்தரும் தூங்கல. 'என் கம்பியப் போடு, போடு'ன்னு உருண்டு பொரண்டு... இன்னா பண்றதுன்னு கேக்க வந்தேன்."

பெரிய டாக்டர் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன். "போடச் சொல்லு" என்றார். "அவளே வேணாம்னு சொல்ற வரைக்கும் போடச் சொல்லு."

பதினெட்டு நாள் போட்டுக்கொண்டு தூங்கினாள். பத்தொன்பதாம் நாள் மறந்துவிட்டாள்.